மறுப்புக்கும் காரணம் வேண்டும்: நோயுற்ற சிறைவாசிகளும் முன்விடுதலையும்

சிறையில் இருப்பவர் படுத்த படுக்கையாகிவிட்டால், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று குடும்பம் மனுப் போடுகிறது. சில மாதங்கள் கழித்து, சில வேளை சில ஆண்டுகளே கழித்து, ஒரு தாள் வருகிறது. மனு பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை என்று அதில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

பட்டா மாறுதலில் தவறு நடந்தால் கோட்டாட்சியரிடம் போகலாம், அங்கும் நடக்காவிட்டால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகலாம். கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முன்விடுதலை மறுக்கப்பட்டவருக்கு மட்டும் இப்படி ஒரு படிக்கட்டைச் சட்டம் கட்டித் தரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலும், முன்விடுதலை மறுப்புக்கு எதிரான மேல்முறையீடு என்று ஒரு பிரிவு கிடையாது. இருக்கும் முதன்மையான வழி அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவு, அதாவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

இந்த வெற்றிடத்தில் தமிழ்நாடு முப்பது ஆண்டுகளாகத் தடுமாறிவருகிறது. நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த தீர்ப்புகள் இங்கிருந்து போன வழக்குகளில்தான் வந்தன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்றுதான். யாரை விடுவிப்பது என்ற முடிவு அரசிடம் இருக்கலாம். மறுப்பதற்கு மட்டும் சொல்லத் தக்க காரணம் வேண்டும், அதைச் சொல்ல ஒரு கெடு வேண்டும், அதைக் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். நோயாளியைப் பொறுத்தவரை மூன்றில் முதன்மையானது கெடு.

எத்தனை கதவுகள்

தண்டனைச் சிறைவாசி ஒருவர் காலத்துக்கு முன்பே வெளியே வர நான்கு வழிகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொண்டு தவறான கதவைத் தட்டுவதிலேயே பல குடும்பங்களுக்கு ஓராண்டு போய்விடுகிறது.

முதல் வழி சட்டப்படியான தண்டனைக் குறைப்பு. பழைய சட்டத்தின் 432, 433 பிரிவுகளும் புதிய சட்டத்தின் 473, 474 பிரிவுகளும் இதற்கான அதிகாரத்தை அரசுக்குத் தருகின்றன. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளே இருந்தாக வேண்டும். இது 1978இல் சேர்க்கப்பட்ட 433ஏ பிரிவு. 14 ஆண்டுகள் முடிந்ததும் சிறை அறிவுரைக் கழகம் கூடிப் பரிந்துரைக்கும், அரசு முடிவெடுக்கும்.

இரண்டாவது ஆளுநரின் மன்னிப்பு அதிகாரமான 161ஆம் பிரிவு. இதை 14 ஆண்டுக் கட்டுப்பாடு தொடாது என்று 1980ஆம் ஆண்டின் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆளுநர் இதைத் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாது, அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பு. தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாட்டில் வரும் பொது விடுதலைகள் இந்த அதிகாரத்தின் வழியே நடப்பவை. அண்ணா நூற்றாண்டின்போது, 2008 செப்டம்பரில், ஏழாண்டுகள் முடித்த 1,405 ஆயுள் சிறைவாசிகள் விடுதலையானார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக 2018 பிப்ரவரியில் வந்த அரசாணை, பத்தாண்டுகள் முடித்தவர்களுக்கு வழி திறந்தது. அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளை ஒட்டி 700 பேரை விடுவிப்பதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது வழி விடுப்பு. பேச்சு வழக்கில் பரோல் என்கிறோம். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைப்பது. சில நாட்களுக்கு உரியதுதான் என்றாலும், மருத்துவக் காரணத்துக்காக நீதிமன்றம் அதை மீண்டும் மீண்டும் நீட்டித்த வழக்குகள் உண்டு. நான்காவது, தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருப்பவர்களுக்கு: தண்டனையை நிறுத்திவைத்து, உடல்நிலை காரணமாகப் பிணை தரும்படி அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கேட்பது.

நோய் முற்றிய ஒருவருக்கு இந்த நான்கில் வேகமானவை கடைசி இரண்டும்தான். முதல் இரண்டு வழிகளும் கோப்பின் வழிகள். கோப்பு எப்படி நகர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மறுப்பு எங்கே பிறக்கிறது என்பதும் தெரியும்.

கோவிலம்பாக்கத்திலிருந்து புழல் வரை

செங்கல்பட்டு மாவட்டம், புனித தோமையார் மலை ஒன்றியத்தில் உள்ள கோவிலம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பல்லாவரம் – துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையும் மேடவாக்கம் பிரதான சாலையும் சந்திக்கும் பகுதி. ஏரிகளையும் வயல்களையும் ஒட்டியிருந்த ஊர், ஐ.டி. நிறுவனங்கள் வந்த பிறகு வாடகைக் குடியிருப்புகளால் நிறைந்தது. இப்போது மெட்ரோ தூண்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. இங்கே வாடகைக்கு இருக்கும் ஒரு தாய், புழல் மத்திய சிறையில் இருக்கும் மகனுக்காக முன்விடுதலை மனு கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம்தோறும் டயாலிசிஸ் நடக்கிறது.

அவர் மகனை மனுப் போட்டுப் பார்ப்பதற்கே நகரத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குப் போக வேண்டும். கிண்டி, கோயம்பேடு, மாதவரம் என்று பேருந்து மாறிப் போய், வரிசையில் நின்று, கண்ணாடிக்கு இப்பால் நின்று பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விட்டது. மகனை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வழிக்காவல் வேண்டும். ஆயுதப்படைக் காவலர்கள் தேர்தல், திருவிழா, தலைவர்கள் வருகை என்று போய்விட்ட நாளில் வழிக்காவல் கிடைக்காது, அன்றைய சிகிச்சையும் தள்ளிப்போகும். சிறைக்குள் நோய் வளர இதுவே போதும்.

மனு சிறைக் கண்காணிப்பாளரிடம் போனதும் மூன்று பக்கம் கடிதங்கள் கிளம்புகின்றன. ஒன்று வழக்கு நடந்த பகுதியின் காவல்துறைக்கு. ஒன்று நன்னடத்தை அலுவலருக்கு. ஒன்று தண்டனை விதித்த நீதிமன்றத்துக்கு. தென்புறநகரில் இந்த மூன்றுமே இடம் மாறியிருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தண்டனை விதிக்கப்பட்டபோது கோவிலம்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கியபோது புறநகர்க் காவல் நிலையங்கள் கைமாறின. குற்றம் நடந்த நாளில் பணியில் இருந்த யாரும் இன்று அந்த நிலையத்தில் இருக்கமாட்டார்கள். கருத்துக் கேட்டுப் போகும் கடிதத்துக்குப் பழைய வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதி அனுப்புகிறார்கள். அதில் பெரும்பாலும் இடம்பெறும் வாக்கியம் ஒன்று: இவரை விடுவித்தால் சட்டம் ஒழுங்குக்குப் பாதிப்பு ஏற்பட வாய்ப்புள்ளது.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வருவார்.

"வெளிய வந்தா எங்கம்மா தங்குவாரு?"

"இங்கதான் சார். வேற எங்க போவான்?"

"வாடகை வீடா? ஓனருக்குத் தெரியுமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் தாய் தயங்குவார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். தெரியாது என்றால், தங்குவதற்கு நிலையான இடமில்லை என்று அறிக்கை போகும். மனுவில் கொடுத்த வேளச்சேரி முகவரியிலிருந்து வாடகை கட்டுப்படாமல் கோவிலம்பாக்கத்துக்கு வந்திருந்தால், குறிப்பிட்ட முகவரியில் குடும்பம் இல்லை என்று எழுதப்படலாம். டயாலிசிஸில் இருக்கும் ஒருவரால் யாருக்கு ஆபத்து என்று யாரும் கேட்பதற்கு முன்பே, வீட்டு முகவரி அவர் விதியை முடித்துவிடக்கூடும்.

முகவரி மறுப்புக்குக் காரணமான வழக்கு ஒன்று பொதுப் பதிவிலேயே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் சிறைவாசியாக இருந்த நளினியின் முன்விடுதலையை 2010 மார்ச்சில் தமிழ்நாடு அரசு மறுத்தபோது, குற்றத்தின் கொடுமையோடு சேர்த்து இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. விடுதலையானால் அவர் தங்கப்போவதாகச் சொன்ன இராயப்பேட்டையில் சட்டம் ஒழுங்குச் சிக்கல் வரலாம் என்பது அது. நாடறிந்த கைதிக்கே இப்படி என்றால் பெயர் தெரியாத கைதியின் நிலையை ஊகிக்கலாம்.

மறுத்த பிறகு

மறுப்பு ஆணை உள்துறையிலிருந்து வரும். அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு தாக்கல் செய்யலாம். சிறைவாசியின் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்பதால் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்கும் இரு நீதிபதிகள் அமர்வு இதை விசாரிப்பது இங்கே வழக்கம்.

நீதிமன்றம் அரசின் முடிவு சரியா என்று பார்ப்பதைவிட, முடிவு எடுத்த முறை சரியா என்றுதான் முதலில் பார்க்கும். ஆணையில் காரணம் இருக்கிறதா? தொடர்பில்லாத விஷயங்களைக் கணக்கில் எடுத்தார்களா? பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டார்களா? பார்க்க வேண்டியவை என்ன என்பதை லட்சுமண் நஸ்கர் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. குற்றம் தனிப்பட்ட ஒருவரை மட்டும் பாதித்ததா, சமூகத்தையே பாதித்ததா? மீண்டும் குற்றம் செய்யக்கூடுமா? குற்றம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டாரா? இனியும் சிறையில் வைப்பதால் பயன் உண்டா? குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன? நோயாளியின் வழக்குக்கு மூன்றாவது கேள்வி உயிர்நாடி. எழுந்து நடக்க முடியாதவரிடம் அந்த ஆற்றல் இல்லை என்பதை மருத்துவச் சான்றே சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு தீர்ப்புகள் கையில் இருக்க வேண்டியவை. தண்டனை விதிக்கப்பட்ட நாளில் நடைமுறையில் இருந்த கொள்கைதான் பொருந்தும், பின்னால் வந்தது சிறைவாசிக்கு இன்னும் சாதகமாக இருந்தால் அதன் பயனையும் தரலாம் என்று ஜகதீஷ் வழக்கில் 2010இல் சொல்லப்பட்டது. தண்டனை விதித்த நீதிமன்றத்தின் கருத்து வெறும் சம்பிரதாயமாக இருக்கக்கூடாது, போதிய காரணங்களோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று ராம் சந்தர் வழக்கில் 2022இல் சொல்லப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் வென்றவர் வீட்டுக்குப் போவதில்லை. உயர் நீதிமன்றம் மறுப்பாணையை ரத்து செய்தாலும், பெரும்பாலும் மனுவை மீண்டும் அரசுக்கே அனுப்பும்: இத்தனை வாரத்துக்குள் மறுபரிசீலனை செய்க. நளினி வழக்கில் இந்தச் சுழற்சியை முழுமையாகப் பார்க்கலாம். 2007 அக்டோபரில் அரசு மறுத்தது. அறிவுரைக் கழகம் முறைப்படி அமைக்கப்படவில்லை என்று 2008 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. புதிய கழகம் கூடியது, 2010 மார்ச்சில் மறுபடி மறுப்பு. நீதிமன்றத்தில் வென்ற பிறகும் அவர் பதினான்கு ஆண்டுகள் சிறையில் இருந்தார். கடைசியாக 2022 ஜூன் 17 அன்று, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவு தரும் சிறப்பு அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது, விடுதலை செய்ய எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன பிறகுதான், 2022 நவம்பர் 11 அன்று, அவரும் அதே வழக்கின் மற்ற ஐவரும் விடுதலையானார்கள்.

நளினிக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், இயக்கங்கள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. உடலும் ஓரளவு தாங்கியது. நான்காம் கட்டப் புற்றுநோயோடு இருப்பவருக்கு ஒரு சுற்று மறுபரிசீலனை என்பதே ஆயுள் முழுவதும்.

ஆளுநரின் மேசையில்

கோப்பு உள்துறையைத் தாண்டினாலும் ஆளுநர் மாளிகையில் நிற்கலாம். இதற்குப் பேரறிவாளன் வழக்கு நாட்டுக்கே பாடம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில், 19 வயதில் கைதானவர் அவர். அவருக்கும் முருகன், சாந்தன் ஆகியோருக்கும் விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை, கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகள் கிடப்பில் இருந்ததைக் காரணம் காட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு ஆயுளாகக் குறைத்தது. மறுநாளே அந்த வழக்கின் சிறைவாசிகள் ஏழு பேரையும் விடுவிக்கப்போவதாக முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். மத்திய அரசு எதிர்த்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த வழக்கில் சட்டப்படி தண்டனையைக் குறைக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்தக் கதவு அடைபட்டதால் 161ஆம் பிரிவின் கதவைத் தட்டினார்கள். 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை ஏழு பேரையும் விடுவிக்க ஆளுநருக்குப் பரிந்துரைத்தது.

ஆளுநர் ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்துவிட்டு, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அப்படி அனுப்ப அரசியலமைப்பில் இடமில்லை என்று 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், ஏ.எஸ். போபண்ணா அடங்கிய அமர்வு, கோப்பை இன்னொரு முறை ஆளுநருக்கே அனுப்புவது பொருத்தமில்லை என்று கருதி, 142ஆம் பிரிவின்கீழ் தானே விடுதலை செய்தது. நீண்ட சிறைவாசம், நன்னடத்தை, சிறையில் பெற்ற கல்வி, நாட்பட்ட நோய்கள், மனு கிடப்பில் கிடந்த காலம் ஆகிய அனைத்தையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். நோயும் தாமதமும் ஒரே வரியில் எடைபோடப்பட்ட தீர்ப்பு என்பதால் மருத்துவக் காரணத்தைச் சொல்லும் ஒவ்வொரு சிறைவாசிக்கும் இது பயன்படும்.

அதே 2018இல் வேறொரு கோப்பு எப்படிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் உயிரோடு கருகினார்கள். அந்த வழக்கின் மூன்று ஆயுள் சிறைவாசிகளை விடுவிக்கும் கோப்பை ஆளுநர் முதலில் திருப்பி அனுப்பினார். அரசு மீண்டும் அனுப்பியது. 2018 நவம்பர் 19 அன்று மூவரும் வேலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். ஒரே ஆளுநர், ஒரே அமைச்சரவை, ஒரே பிரிவு. ஒரு கோப்பு வாரக் கணக்கில் முடிந்தது, இன்னொன்று ஆண்டுக் கணக்கில் முடங்கியது.

நீண்ட காலம் சிறையில் இருப்பவர்களையும் முதியோரையும் நோயுற்றோரையும் விடுவிப்பதுபற்றி ஆராய நீதிபதி ந. ஆதிநாதன் தலைமையில் 2021 டிசம்பரில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது 2022 அக்டோபரில் அறிக்கை தந்தது. 49 ஆயுள் சிறைவாசிகளின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்குப் போயின. அவை தேங்கிய காலத்தில் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடி இடைக்கால விடுப்போ பிணையோ பெற வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் புழல் சிறைவாசி ஒருவரின் வழக்கில், முன்விடுதலை விஷயத்தில் அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் சொன்னது. 1980இலேயே தீர்ந்த கேள்வியை 44 ஆண்டுகள் கழித்து ஒரு சிறைவாசி தன் செலவில் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நோய் காத்திருக்காது

சாந்தனின் முடிவை இங்கே சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தவர்களில் அவரும் ஒருவர். இலங்கைக் குடிமகன் என்பதால் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். கல்லீரல் செயலிழந்தது. யாழ்ப்பாணத்தில் தாய் காத்திருந்தார். நாடு திரும்ப அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். உடல்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. எந்த அதிகாரியும் அவருக்கு மறுப்பு என்று எழுதவில்லை. ஆவணம் மேசை மாறிய நாட்களே மறுப்பின் வேலையைச் செய்துமுடித்தன.

தண்டனை பெறாத விசாரணைக் கைதிகளுக்கும் இதே கதிதான். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு, 2020 அக்டோபரில் கைதானபோது 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. அதே மாதம் அவரது மருத்துவப் பிணையைச் சிறப்பு நீதிமன்றம் மறுத்தது. உறிஞ்சு குழாய்க்காகவும் அவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் வழக்கமான பிணையும் மறுக்கப்பட, மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். ராஞ்சிக்குப் போய்த் தன் மக்களோடு இருக்க விரும்புவதாக நீதிபதிகளிடம் காணொளியில் சொன்னார். 2021 ஜூலை 5 அன்று அவர் பிணை மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்ட செய்தியை மருத்துவர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள். அவற்றில் 1,773 இயற்கை மரணங்கள் என்று பதிவானவை. நோயும் முதுமையும் அந்தக் கணக்கில் அடக்கம். அவர்களில் எத்தனை பேரின் மனு எந்த மேசையில் கிடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லும் பத்தி அந்த அறிக்கையில் இல்லை.

சாகப்போகிறார் என்று சொல்லி வெளியே வந்தவர் பிழைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற தயக்கம் அதிகாரிகளுக்கு உண்டு. லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட மெக்ராகியை, மூன்று மாதம்தான் உயிரோடிருப்பார் என்ற மருத்துவக் கணிப்பின்பேரில் ஸ்காட்லாந்து அரசு 2009 ஆகஸ்டில் விடுவித்தது. அவர் 2012 மே மாதம்தான் இறந்தார். கடும் கண்டனம் எழுந்தது. ஆனால் புற்றுநோயின் நாட்கணக்கை எந்த மருத்துவரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. விடுவிப்பதா என்ற முடிவைச் சாவின் தேதியில் தொங்கவிட்டால் பிழை இரு பக்கமும் நேரும். நோயாளியால் இனி யாருக்காவது ஆபத்து உண்டா, தேவையான சிகிச்சையைச் சிறையால் தர முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் மருத்துவக் குழு திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியும். முடிவையும் அவற்றின்மேல் நிறுத்துவதே நியாயம்.

அமெரிக்கா தாமதத்துக்கு ஒரு மருந்து கண்டது. அங்கே கூட்டாட்சிச் சிறைகளில் நெடுங்காலம் சிறைத்துறைத் தலைமை மனம் வைத்தால்தான் மருத்துவ விடுதலைக் கோரிக்கை நீதிமன்றத்தையே எட்டும். 2018 டிசம்பரில் வந்த சட்டம் அதை மாற்றியது. சிறை அதிகாரி மனுவைப் பெற்று 30 நாட்கள் ஆகிவிட்டால், அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சிறைவாசி நேரே நீதிமன்றம் போகலாம். அந்த நாட்டின் தண்டனை முறையில் நாம் பின்பற்றக்கூடாதவை பல. இந்த 30 நாள் விதி அவற்றில் சேராது.

அழுதவர்களின் பக்கம்

சிறைவாசிக்காகப் பேசும்போது, அவரால் பறிபோன உயிரின் குடும்பத்தை மறந்துவிட்டால் பேச்சில் நேர்மை இருக்காது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவலர்களும் தொண்டர்களும் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைப் பறித்தன. அந்தக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு விடுதலைச் செய்தியும் ஆறிய புண்ணைக் கீறுவதுதான்.

விடுதலையும் அநீதியாகலாம் என்பதற்கு மேலவளவு சாட்சி. 1997 ஜூன் 30 அன்று அந்த ஊரின் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து தலித்துகளும் சாதி வெறியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் 13 ஆயுள் சிறைவாசிகள் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு அரசாணையின்படி வெளியே வந்தார்கள். தலித் ஒருவர் தலைவரானதற்காகவே நடந்த கொலை எந்த அளவுகோலால் சாதாரணக் குற்றமானது என்ற கேள்வி மதுரைக் கிளைக்குப் போனது. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 பேருக்குத் தரப்பட்ட விடுதலையை 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அவர்களைச் சிறைக்குத் திருப்பி அனுப்பியது.

இந்த வழக்குகளைச் சிலர் முன்விடுதலையே கூடாது என்பதற்கான வாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன. தவறான விடுதலையும் தவறான மறுப்பும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன: காரணம் எழுதப்படாத ஆணை. காரணம் எழுதப்பட்டிருந்தால் மேலவளவுக் குடும்பங்கள் அதை அன்றே எதிர்த்திருக்கலாம். கோவிலம்பாக்கத்துத் தாயும் எதிர்க்கலாம். பாதிக்கப்பட்டவரின் உரிமையும் நோயாளியின் உரிமையும் மோதிக்கொள்பவை அல்ல. இரண்டும் ஒரே ஒழுங்கைக் கேட்கின்றன.

செய்யக் கூடியவை

2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு தந்த தீர்ப்பு இந்த ஒழுங்குக்கு முதல் கல்லை வைத்திருக்கிறது. கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி வந்ததும் சிறைவாசி மனுப் போடாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் சுருக்கமாகவேனும் காரணம் எழுத வேண்டும். ஆணையை உடனே சிறைவாசிக்குத் தர வேண்டும், நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். மறுப்பை எதிர்க்க உனக்கு உரிமை உண்டு என்று சிறை அதிகாரியே அவருக்குச் சொல்ல வேண்டும்.

எனவே மறுப்பு கிடைத்த குடும்பம் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆணையின் நகலை. வாய்மொழியாகச் சொன்னார்கள் என்பது போதாது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கடமைப்படுத்துகிறது. தொலைபேசி எண் 15100. முதிய, தீரா நோயுற்ற சிறைவாசிகளுக்காகவே 2024 டிசம்பரில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தனி இயக்கம் நடத்தியது. ரிட் மனுவோடு மூன்றைச் சேர்த்தால் வழக்கு வலுப்படும்: அரசு மருத்துவமனையின் அண்மைச் சான்று, வழிக்காவல் இல்லாமல் தவறிய சிகிச்சை நாட்களின் பட்டியல், வெளியே வந்தால் எங்கே தங்கி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற உறுதிமொழி. முன்விடுதலையை மட்டும் கேட்காமல், வழக்கு முடியும்வரை மருத்துவ விடுப்பும் இடைக்கால நிவாரணமாகக் கேட்கப்பட வேண்டும். நோயாளியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கோரிக்கைதான்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. மருத்துவக் காரண மனுக்களைப் பிறந்தநாள் அரசாணைகளிலிருந்தும் 14 ஆண்டுக் கணக்கிலிருந்தும் பிரித்துத் தனி விதியாக்க வேண்டும். மருத்துவக் குழு ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும், காவல்துறையும் நன்னடத்தை அலுவலரும் இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும், 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே கொண்டு சிறைவாசி நீதிமன்றம் போகலாம் என்று விதியிலேயே இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பதையே மறுப்புக் காரணமாக்கக்கூடாது. வீடே இல்லாதவரை அரசின் காப்பகத்திலோ நோய்த் தணிப்பு மையத்திலோ சேர்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்குத் தகவல் தந்து, அவர்கள் கருத்தையும் அதே கெடுவுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

இவற்றில் எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டாம், நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டாம். சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாடு சிறை விதிகளில் ஒரு திருத்தமும் உள்துறையின் ஓர் அரசாணையும் போதும். பேரறிவாளன் வழக்கில் இந்தியாவுக்கே சட்டம் சொல்லவைத்த மாநிலம், தன் சிறைகளில் இன்று படுத்திருப்பவர்களுக்காக அந்த அரசாணையை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.